ஒற்றைச் சத்தம்

சளசளவென்று ஒரு சத்தம். காதோடு வைத்து உலுக்கிய அட்டைப்பெட்டிக்குள் நூறு சின்னப் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கிற மாதிரி. "ஏட்டி, கேக்குதா? என்னன்னு சொல்லு பாப்போம்," என்றான் ரெமி அண்ணன். கிளாடிசுக்கு அப்போது பதினாலு வயது. அவன் முதல் கப்பல் முடித்துத் தூத்துக்குடிக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குளித்த பிறகும் மேலில் இன்ஜின் எண்ணெய் வாடை அடித்தது. சோழி, என்றாள். "கூறுகெட்டவளே, லாரி. அமெரிக்காக்காரன் லாரி. நூத்திச்சொச்சம் துண்டா உள்ள கெடக்கு. ஒட்டுனா முழு லாரி." அவள் கையை நீட்டினாள். அவன் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சிரித்தான். ஒட்டமாட்டானாம். திறக்கவே மாட்டானாம். மேலே சுற்றியிருக்கிற கண்ணாடித்தாள் கிழியாமல் இருக்கிற வரைக்கும்தான் பெட்டிக்கு மதிப்பாம், இதைச் சேர்க்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம், உலுக்கிப் பார்த்தே உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். "ஒனக்குச் சத்தம் போதும்," என்றான். பெட்டி மச்சுக்குப் போனது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்றாக மச்சு அலமாரியில் பெட்டிகள் ஏறின. அவளுக்குச் சத்தம் போதவில்லை.

இப்போது மணி மூன்று இருபது. கூடத்து மேசையில் இரண்டு கையாலும் ஒரு லாரியின் முகத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் உட்காரும் கூண்டு, இடது பாதி ஒரு கையில், வலது பாதி மறு கையில். நாற்பத்தைந்து வருஷம் மச்சு வெக்கையில் கிடந்து பிளாஸ்டிக் வளைந்து போயிருந்தது; விட்டால் பிளந்துகொள்ளும். பதினைந்து நிமிஷம் பிடிக்கவேண்டும். இந்தப் பசை நடுவில் நின்று ஒட்டுகிற பசை இல்லை, தண்ணீர் மாதிரி ஓடி இரண்டு ஓரத்தையும் கரைத்துவிடுவது. கரைந்தது ஒன்றாக இறுகும். அதற்குப் பிறகு பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். முப்பத்திரண்டு வருஷம் பெண்பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவளுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம். இரண்டு பாதியும் சேருகிற பொருத்துவாய்க்கு மேலே விரலை வைக்கக்கூடாது என்பதும் தெரியும், அது நடத்தித் தெரிந்ததில்லை. தள்ளிப் பிடித்திருந்தாள். வலது பெருவிரலில் தழும்பு கடுத்தது. பன்னிரண்டு வயதில் பாறை மீன் அரிந்தபோது அரிவாள்மணை குறுக்காக இழுத்துவிட்ட கோடு, நகத்தடியிலிருந்து மூட்டு வரைக்கும் சாய்வாக, அமுக்கினால் இன்னும் கடுக்கும். கடுக்கட்டும். பக்கத்து அறையிலிருந்து டங் என்று ஒரு சத்தம் வந்தது. கட்டில் கம்பியில் எவர்சில்வர் டம்ளர். ரெமிக்குத் தண்ணி வேண்டுமாம். வாயால் அண்ணன் என்பாள், மனசுக்குள் அவன் அவன்தான், மரியாதை கிடையாது, அவன் முழங்காலுக்குக் கீழே நூல்கண்டு மாதிரி சுருங்கிப்போன காலுக்கும், இரண்டு வருஷமாக அவள் துடைத்துக் கழுவுகிற உடம்புக்கும் மரியாதை கிடையாது. "கை வேலையா இருக்கேன்," என்றாள் சத்தமாக. டங். "பதினஞ்சு நிமிசம்."

கேட்டிருக்கும். அவனுக்குக் காது போகவில்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் பூராவும் போய், வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகக் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி வந்தாலும் காது மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்காகத்தான் அவள் மேசையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள். கனடாவில் இருக்கிற அவன் மகன் ஞாயிற்றுக்கிழமை போனில், "அத்த, அந்தப் பெட்டியெல்லாம் என்ன செய்திய, வெலைக்கு ஆள் கேக்கான்," என்று ஒரு தடவை சொன்னான். ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி இல்லை என்றாள். முதல் பெட்டியைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தபசு காலத்தில் திறந்தாள். கண்ணாடித்தாளைக் கத்தியால் கீறின சத்தத்துக்கே அவன் முனகினான். அப்புறம் கட்டிங் பிளேயர். துண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கொடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும், முள்ளில் மீன் சதை நிற்கிற மாதிரி. ஒவ்வொன்றாக நறுக்கி எடுக்கவேண்டும். டிக். பக்கத்து அறையில் மூச்சு நிற்கும். டிக். நூற்றி முப்பது துண்டு, நூற்றி முப்பது டிக். அன்றைக்கு அவன் அழுதான். அழட்டும் என்று ஒட்டினாள். பத்துப் பெட்டி ஆயிற்று, பத்து லாரி, காரும் கலந்து, எல்லாம் அவன் கண்ணில் படுகிற மாதிரி எதிர் அலமாரியில் நிற்கின்றன, கண்ணாடித்தாள் இல்லாமல், மதிப்பு இல்லாமல். இது பதினொன்று, கடைசி. அவனுக்குப் பிடித்தது, ஒரே மாதிரி இரண்டு தடவை வாங்கினது இது ஒன்றைத்தான். காலையில் திறப்பதற்கு முன்னால் அவன் காதோடு வைத்து உலுக்கினாள். சளசள. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அப்போதும் கேட்கவில்லை. அதாவது, அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. யார் திறந்தது என்று ஒரு தடவை அவன் கேட்டுவிட்டால் போதும். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருக்கிறது, கேட்ட நேரத்தில் சொல்லாமல் விட்டது. இன்னொரு தடவை வாதம் அடித்தால் இருக்கிற நாலு வார்த்தையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்துப் பெட்டிக்கும் வாய் திறக்காதவன் இதற்கும் திறக்காவிட்டால் அப்புறம் திறப்பதற்குப் பெட்டி இல்லை.

"டீச்சர், சாளை வேணுமா? துள்ளுது." சன்னல் கம்பிக்கு வெளியே பூரணத்தின் முகம், தலையில் கூடையோடு. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "கையில என்ன? இன்னைக்கும் லாரியா. இந்த வயசுல வேற பொம்பளைங்க செபமாலைய உருட்டுதாங்க, நீங்க டயர உருட்டுதிய." "ஒனக்கு என்னட்டி." "எனக்கு ஒண்ணுமில்ல. எம் பேரனுக்கு ஒண்ணு தந்தா குறைஞ்சா போவிய?" "இது வெளையாடுததுக்கு இல்ல." "பெறவு எதுக்கு?" டங், டங். பூரணம் உள்பக்கமாக எட்டிப் பார்த்தாள். "பெரியவரு கூப்புடுதாரு போல." "தெரியும்." "தண்ணி கேக்காரோ என்னமோ." "பூரணம், நீ மீன வித்துட்டுப் போ." "நல்லதுக்குச் சொன்னேன். கூடப்பொறந்த பொறப்பு. நாளைக்குக் கர்த்தர் கேப்பாரு." கூடையைச் சரிசெய்துகொண்டு அவள் நடந்தாள், தெருமுனை வரைக்கும் சாளை, சாளை என்று குரல் போயிற்று. கர்த்தர் கேட்பார். அவராவது கேட்கட்டும். இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்பதில்லை. மூன்று இருபத்தைந்து.

பசையின் வாடை மூக்கில் ஏறியது. இது கடையில் வாங்கின பசை, எலுமிச்சை வாடை கலந்து விடுகிறார்கள். அன்றைக்கு இருந்தது வேறு வாடை, இனிப்பு, பழம் அழுகுகிற மாதிரி ஒரு இனிப்பு. குளோரோஃபார்ம். எழுபத்தெட்டாம் வருஷம், தபசு காலம், அவள் கல்லூரியில் கடைசி வருஷம். கஸ்மீர் மச்சாது ரெமியோடு ஒரே கப்பலில் ஜூனியர் இன்ஜினியர். அவருக்கு முந்தியே விடுப்பு கிடைத்து, ரெமி கொடுத்துவிட்ட சாமானைக் கொண்டுவந்து வீட்டில் சேர்க்க வந்தவர், அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும். மனசுக்குள்ளும் அவர் அவர்தான். அம்மாவுக்குக் காது மந்தம், கீழே அடுக்களையில் இருப்பாள். மச்சில் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் சொன்னார், "ஒங்க அண்ணன் கப்பல்ல எல்லாத்தையும் கழத்தி மாட்டுவாரு, இத மட்டும் தொடமாட்டாரு, என்ன மனுசன்." அவர் பெட்டியை எடுத்தார். கண்ணாடித்தாளைக் கிழித்தார். இல்லை. மறுபடி. அவர் அலமாரிக்கு முன்னால் நின்றார், சிரித்தார், பெட்டியை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். வைத்துவிட்டார். "வேண்டாம் கிளாடிஸ், தெரிஞ்சா கொன்னே போட்டுருவாரு," என்றார். அதற்குப் பிறகு யாரோ கண்ணாடித்தாளைக் கிழித்தார்கள். நாற்பத்தைந்து வருஷமாக இந்த இடத்துக்கு வந்ததும் நினைவு ஒரு துண்டைத் தவறவிட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறது. கிழிந்த பிறகு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்த பசைக்குழாய் கல்லாக இறுகிப் போயிருந்தது. அவள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து சின்னக் குப்பியில் குளோரோஃபார்ம் கொண்டுவந்தாள், பிளாஸ்டிக்கை அது கரைக்கும் என்று படித்திருந்தாள், நாடகக்காரி மாதிரி கைக்குட்டையில் சுற்றி. "ரெண்டு பேரும் மயங்கிக் கெடக்கப் போறோம்," என்றார் கஸ்மீர். கோழி இறகால் தொட்டுத் தடவினார்கள். முள்ளு என்று அந்தக் கொடிக்குப் பேர் வைத்தது அவர்தான். இந்த முள்ளுல பதினேழாம் நம்பர் எடுங்க, பாத்து, கை. நாற்பது நாள். சாம்பல் புதன் தொடங்கி, மாமிசம் இல்லை, பாட்டு இல்லை, மச்சில் ஒரு லாரி மெல்ல எலும்பு பிடித்து, சதை பிடித்து எழுந்து நின்றது. அவர் கை அவள் கைமேல் பட்டது மூன்று தடவை. எண்ணி வைத்திருக்கிறாள். கூண்டை ஒட்டின அன்றைக்கு இரண்டு பாதியையும் அவள்தான் பிடித்திருந்தாள், இப்போது பிடித்திருக்கிற மாதிரியே, ஆனால் வலது பெருவிரலைப் பொருத்துவாய்மேலேயே வைத்துவிட்டாள். குளோரோஃபார்ம் அடியிலேயே ஓடிவந்து விரலுக்குக் கீழே கரைத்துவிட்டது. விரலை எடுத்தால் கூண்டின் கூரையில் கோடு கோடாக ஒரு பள்ளம். "போச்சு," என்றாள். "கையெழுத்துப் போட்டுட்டிய," என்று அவர் சிரித்தார். மேலே சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். மறைந்துவிட்டது.

மறைந்துவிட்டது. அப்புறம் ஒரு முட்டாள்தனம். முடிந்த லாரியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதே பெட்டிக்குள் பஞ்சு வைத்து இறக்கி, கண்ணாடித்தாளைத் திரும்பச் சுற்றி இஸ்திரிப்பெட்டியின் ஓரத்தால் ஒட்டி, அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார்கள். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள், படித்தவர்கள் இரண்டு பேர். பார்க்கிறவன் இல்லை அவன், உலுக்குகிறவன், இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உதிரியாகச் சத்தம் போடவேண்டிய பெட்டிக்குள் முழுசாக ஒன்று இருக்கிறதே என்று தோன்றவில்லை. ரெமி வந்த அன்றைக்கே மச்சுக்கு ஏறினான். கீழே அடுக்களையில் நின்றபடி அவள் கேட்டாள். சளசள. சளசள. சளசள. அப்புறம், டொம். ஒற்றைச் சத்தம். அதோடு நிறுத்தினான். இறங்கி வந்தான். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கஸ்மீரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தான்.

டங் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? மூன்று முப்பது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைக் கேட்டாள். பூரணத்தோடு பேசும்போது அடித்தான், அதற்குப் பிறகு அடித்தானா. டம்ளர் கை நழுவி விழுந்திருந்தால் விழுந்த சத்தம் கேட்டிருக்கும். தூங்குகிறானோ. தூக்கத்திலும் வாதம் அடிக்கும் என்றார் டாக்டர், நாலில் ஒருத்தருக்கு. எழுந்து போய்ப் பார்க்கலாம். விட்டால் கூண்டு பிளக்கும். இன்னும் ஐந்து நிமிஷம். "அண்ணே," என்றாள். செத்துவிடாதே, என்று மனசுக்குள் சொன்னாள், பாசத்தில் இல்லை, கூலி பாக்கி வைத்திருக்கிறவனை வேலைக்காரி வாசலில் மறிக்கிற மாதிரி. கேட்காமல் செத்துவிடாதே. விரலை எடுக்கவில்லை. தழும்பு பூராவும் நெருப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் பாறைமீன் குழம்பு. அம்மா பரிமாறிவிட்டுப் போனாள். குழம்புச் சட்டிக்கும் சோற்றுக்கும் நடுவில் ரெமி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான், மூடியைத் திறந்தான், சிவப்பு லாரியை வெளியே எடுத்தான். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூரையில் பெருவிரலால் ஒரு தடவை தடவினான், மெதுவாக, தூசி பார்க்கிற மாதிரி. அப்புறம் கேட்டான். "யாரு தொறந்தது?" கஸ்மீரைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்தும் இல்லை, லாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கஸ்மீர் அவளைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது, வழிவிடுகிற பார்வை, கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று நீங்க போங்க என்கிற மாதிரி. அவள் தட்டில் மீன்முள்ளை ஒதுக்கினாள். ஒரு முள். இன்னொரு முள். கடிகாரம் அடித்தது. "நாந்தான் அண்ணே," என்றார் கஸ்மீர். ரெமி அப்போதும் தலையைத் தூக்கவில்லை. "ஆம்பள இல்லாத வீட்டுல மச்சு வரைக்கும் ஏறியிருக்க." "தப்புதான்." "வேற யாரும் கூட இருந்தாங்களா?" அவள் முள்ளைப் பார்த்தாள். "இல்ல அண்ணே." "எந்திரிச்சு வெளிய போலே." சோற்றுக் கையோடு போனார். கை நீளமான பயல் என்று கப்பல் கம்பெனியில் போய்ச் சொன்னான் ரெமி. சாயங்காலம் பாலத்தில் நின்று லாரியைக் கடலில் எறிந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னான். அடுத்த கப்பலில் அதே பெட்டி மறுபடியும் வந்தது, புதுசு. மச்சைப் பூட்டினான். துரத்தினது அவன். கை நீளம் என்றது அவன். ஊரில் பேர் கெடுத்தது அவன். இதில் ஒரு துண்டும் பொய் இல்லை. எல்லாவற்றையும் ஒட்டினால் அவன் முகம்தான் வரும். ஆனால் கண்ணாடித்தாளைக் கிழித்த கை. நகத்தை ஓரத்தில் விட்டு ஒரே இழுப்பாக. கஸ்மீர் திரும்ப வைத்த பெட்டியை எடுத்து, "கொல்லட்டும்," என்று சிரித்துக்கொண்டே. எத்தனை சுகமாக இருந்தது அந்தச் சத்தம்.

மூன்று முப்பத்தைந்து. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கூண்டு பிளக்கவில்லை. சட்டத்தின்மேல் கூண்டைச் செருகினாள், ஆறு சக்கரமும் முந்தியே மாட்டியிருந்தது, பெயின்ட் இல்லாமல் வெறும் வெள்ளையாக, பாதி எலும்பாக ஒரு லாரி. எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான். டம்ளரை நெஞ்சின்மேல் வைத்து இடது கையால் பிடித்திருந்தான். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் பழைய ஆத்திரம் முழுசாகத் திரும்பி வந்து அவளுக்குள் உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றவில்லை. டம்ளரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லாரியை வைத்தாள். "கடசிப் பெட்டி," என்றாள். "இனிமே ஒண்ணும் இல்ல. கேளுங்க."

அவன் லாரியை இடது கையால் தூக்கினான். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பினான், சக்கரத்தைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை. பெருவிரலைக் கூரைமேல் வைத்தான். முன்னாலிருந்து பின்னால். பின்னாலிருந்து முன்னால். எதையோ தேடிக் காணாத மாதிரி நிறுத்தினான்.

"ரேக," என்றான். வாய் ஒருபக்கம் போயிற்று. மறுபடி இறைத்தான். "ரேக... இல்ல."

"என்ன ரேக?"

"இதுல இல்ல. அதுல... இருந்துச்சு." லாரியை நெஞ்சில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தான். வலது கை. பெருவிரலை மட்டும் பிரித்து எடுத்துத் தழும்பின்மேல் தன் நகத்தால் ஒரு கோடு இழுத்தான், நகத்தடியிலிருந்து மூட்டு வரைக்கும், சாய்வாக. "இந்தக் கோடு."

வெளியே தண்ணீர் லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு திரும்பியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடுகிற சத்தம். பெயின்ட் மறைக்காது. பெயின்ட் நிறத்தைத்தான் மாற்றும், பள்ளத்தை மாற்றாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு குழந்தைக்குத் தெரியும், தடவிப் பார்த்தால் கண் இல்லாதவனுக்கும் தெரியும். வேதியியல் படித்தவளுக்கு இது தெரியவில்லை.

"தெரிஞ்சுதான் கேட்டியளா," என்றாள். "தெரிஞ்சுக்கிட்டா அவர வெளிய போகச் சொன்னிய?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். ஆமாம் என்பதற்கு அதுதான். அப்புறம் வாயின் நல்ல பக்கம் மேலே ஏறிற்று. சிரிக்கிறான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. "சொல்லுவன்னு... பாத்தேன்," என்றான். "கம்பெனிக்குப் போற... அன்னைக்கு வரைக்கும்... பாத்தேன்." மூச்சு வாங்கினான். "நீ... முள்ளு எடுத்துக்கிட்டு... இருந்த."

அவள் கையை உருவிக்கொண்டாள். எதிர் அலமாரியில் பத்து வண்டியும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. நாந்தான் தொறந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாற்பத்தைந்து வருஷமாக வைத்திருந்த வார்த்தை, அந்த அறையில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்தரும் இல்லை. அவன் வெறும் கையால் கம்பியைத் தட்டினான். சத்தம் வரவில்லை. "தண்ணி," என்றான்.

கஸ்மீர் மச்சாது அதற்குப் பிறகு கப்பல் ஏறவில்லை. உப்பளத்து எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற வேலையில் இருபத்தொன்பது வருஷம் இருந்தார். கல்யாணம் செய்து மூன்று பெண்கள். இரண்டாயிரத்து எட்டில், சர்க்கரையில் இடது காலை எடுத்த ஆறாம் மாதம், இறந்துபோனார்.